ஒரு ஸ்கூபல், மிச்சமெல்லாம் புல்பென்: டெட்ராய்ட் டைகர்ஸின் கடைசி 44 ஆட்டங்கள்

2024 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸின் கணக்கு 55 வெற்றி, 63 தோல்வி. மிச்சம் 44 ஆட்டங்கள். ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் அவர்களுக்குப் போட்டிருந்த பிளேஆஃப் வாய்ப்பு, அதாவது சீசன் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளுக்குள் போகும் வாய்ப்பு, 0.2 சதவீதம். ஐந்நூறில் ஒன்று. அணி நிர்வாகமே சீசனைக் கைகழுவிவிட்ட மாதிரிதான் இருந்தது. ஜூலை 30, வீரர் பரிமாற்றத்துக்குக் கடைசி நாள். அன்று ஜாக் ஃபிளாஹெர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். மார்க் கான்ஹா, கார்சன் கெல்லி, ஆண்ட்ரூ சேஃபின் ஆகியோரும் அந்த வாரத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த 44 ஆட்டங்களில் டைகர்ஸ் 31 வென்றது. 86-76 என்று முடித்து, 2014-க்குப் பிறகு முதல் தடவையாக பிளேஆஃபுக்குள் போனது.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த அணி என்ன செய்தது என்பது தெரியாமலே போய்விடும். டைகர்ஸிடம் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கி அதில் பெரும்பகுதியை வீசும் பிட்சர்கள் (பந்துவீச்சாளர்கள்), அதாவது ஸ்டார்ட்டர்கள், போதிய அளவு கிடையாது. அவர்களுக்குப் பிறகு வந்து வீசுகிறவர்கள் ரிலீவர்கள், அந்த ரிலீவர் கூட்டம்தான் புல்பென். அந்த ஓட்டையை அடைக்க அவர்கள் செய்த ஏற்பாடுதான் அந்தச் சீசனில் அவர்களுடைய முக்கியமான பலமாக ஆனது. அக்டோபரில் அவர்களை வீட்டுக்கு அனுப்பியதிலும் அந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

முதலில் அந்த 0.2-ஐப் பார்ப்போம். இப்படிப்பட்ட கணக்குகள் ஒவ்வொரு அணியின் வீரர்களும் இனி எப்படி ஆடுவார்கள் என்று ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் அட்டவணையைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கின்றன. எத்தனை ஓட்டத்தில் அணி உள்ளே வருகிறதோ அதுதான் சதவீதம். எல்லாமே அந்த மதிப்பீட்டில் தொங்குகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சரிபாதி வாய்ப்புள்ள அணி 44-இல் 31 அல்லது அதற்கு மேல் வெல்ல, சுமார் 0.5 சதவீதம்தான் சாத்தியம். அதே அணிக்கு ஆட்டத்துக்கு 53 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் அது 1.5-க்கு ஏறிவிடும். 56 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 4. அணியின் உண்மையான தரத்தில் ஆறு புள்ளி கூடினால், வாய்ப்பு ஏழெட்டு மடங்கு ஆகிறது. ஆகவே ஆகஸ்டில் சிறிய சதவீதம் ஒன்றைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, ‘இந்த அணி இப்போது இருக்கும் ஆட்களோடு எவ்வளவு நல்ல அணி?’ என்பதுதான். ஏப்ரலில் தோற்ற ஆட்டங்கள் பட்டியலில் இருக்கும். அப்போது ஆடியவர்கள் இப்போது அணியில் இல்லாமல் இருக்கலாம்.

ரன் கணக்கு இதற்கு ஒரு நல்ல உரைகல். சீசன் முழுக்க டைகர்ஸ் எடுத்தது 682 ரன், கொடுத்தது 642. எடுத்ததன் வர்க்கத்தை, இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.530 வரும். அதை ஒரு சீசனின் 162 ஆட்டங்களால் பெருக்கினால் 86 வெற்றி. அவர்கள் வென்றதும் 86. நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டம் அடித்து மேலே வந்த அணி என்றால் இந்த இரண்டு எண்ணும் விலகி நிற்கும். இங்கே விலகவில்லை.

விதிமுறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு லீகுகள். 2022-இலிருந்து ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. மூன்று பிரிவுகளின் முதல்வர்கள், அவர்களுக்குப் பிறகு வெற்றிக் கணக்கில் மேலே நிற்கும் மூன்று வைல்ட் கார்டுகள். முதல் இரண்டு இடத்தவர்களுக்கு முதல் சுற்று கிடையாது. மற்ற நால்வரும் மூன்றில் இரண்டு என்று ஆடுவார்கள், எல்லா ஆட்டமும் மேலிடத்தில் முடித்தவரின் மைதானத்தில். சமநிலை வந்தால் முன்போல் கூடுதலாக ஓர் ஆட்டம் வைப்பதில்லை. இருவரும் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார்களோ அவர்களுக்குத்தான். ஆகவே செப்டம்பரில் பட்டியல் பார்க்கிறவர்கள் நேருக்கு நேர் கணக்கையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கையில் அது இருந்தால் பட்டியலில் காட்டாத அரை ஆட்டம் கூடுதலாக இருப்பதற்குச் சமம். 2024-இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸும் டைகர்ஸும் 86-76 என்றே முடித்தார்கள். ஐந்தாம் இடம் ராயல்ஸுக்குப் போனது, ஆறாம் இடம் டைகர்ஸுக்கு.

உள்ளே நுழைய எத்தனை தேவை என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. 163-இலிருந்து உங்கள் வெற்றிகளையும், துரத்துகிற அணியின் தோல்விகளையும் கழியுங்கள். பூஜ்யம் வந்தால் அவர்களால் உங்களைப் பிடிக்க முடியாது. டைகர்ஸின் 86-உம், ஓர் ஆட்டத்தில் கோட்டைவிட்ட சியாட்டில் மரினர்ஸின் 77 தோல்விகளும் கூட்டினால் சரியாக 163. இதில் தோல்விப் பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆடாத ஆட்டத்தை இனி வெல்லலாம், தோற்ற ஆட்டத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

சரி, பந்துவீச்சு. பேஸ்பாலில் ஓர் அணி மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கும், இரு அணிகளும் அப்படி ஒரு முறை அடித்தால் ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். டாரிக் ஸ்கூபல் அந்த ஆண்டு 31 ஆட்டங்களைத் தொடங்கி 192 இன்னிங்ஸ் வீசினார். 18 வெற்றி, 4 தோல்வி, 228 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கமுடியாமலே அவுட் ஆவது), ஈ.ஆர்.ஏ. 2.39, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பெயரில் விழுந்த ரன் சராசரியாக 2.39. வெற்றி, ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. மூன்றிலும் லீகில் முதலிடம். லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாகக் கிடைத்தது. இடக்கையர். வேகப்பந்தைப் போலவே கைவீச்சு இருந்தும் மெதுவாக வரும் சேஞ்ச்அப்தான் வலக்கை பேட்டர்களை ஏமாற்றும் அவருடைய ஆயுதம். அவருக்கு அடுத்து நிற்கவேண்டிய ஃபிளாஹெர்ட்டி, 18 ஆட்டங்களில் 2.95 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தவர், டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். ரீஸ் ஓல்சன் தோள் காயத்தில் இருந்தார். கென்டா மயேடா ஸ்டார்ட்டராகச் சோபிக்காமல் புல்பென்னுக்குப் போயிருந்தார். இளைஞர் கெய்டர் மொன்டெரோ மட்டும் வழக்கமான ஸ்டார்ட்டராக ஓரளவு நின்றார். செப்டம்பர் 10-இல் கொலராடோவுக்கு எதிராக 96 பந்தில் ஒன்பது இன்னிங்ஸையும் ரன் கொடுக்காமல் முடித்தார். மற்ற மூன்று நாளுக்கு ஆளில்லை.

மேலாளர் ஏ.ஜே. ஹின்ச் அந்த மூன்று நாளையும் நடத்திய முறைக்குத்தான் ‘பிட்சிங் கேயாஸ்’ என்று பெயர் விழுந்தது. பெயரில்தான் குழப்பம், வேலை நல்ல ஒழுங்கோடு நடந்தது. முதல் இன்னிங்ஸில் எதிரணியின் முதல் மூன்று பேட்டர்கள் கட்டாயம் வருவார்கள், அவர்கள்தான் பெரும்பாலும் அந்த அணியின் சிறந்தவர்கள். இடக்கை பிட்சரை இடக்கை பேட்டரும், வலக்கை பிட்சரை வலக்கை பேட்டரும் அடிப்பது பொதுவாகக் கடினம். ஆகவே ஹின்ச் அந்த மூவரின் கையைப் பார்த்து அதற்கு ஏற்ற ரிலீவர் ஒருவரை ‘ஓப்பனர்’ ஆக இறக்குவார். இடக்கையர் டைலர் ஹோல்ட்டன்தான் இதில் அவருடைய முதல் தேர்வு. அந்த ஆண்டு 90-க்கு மேல் இன்னிங்ஸ் வீசி 2.19 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தவர். ஓப்பனர் மூன்றிலிருந்து ஆறு அவுட் எடுப்பார். பிறகு நீளமாக வீசக்கூடிய ஒருவர், பெரும்பாலும் பிரான்ட் ஹர்ட்டர் போன்ற இளைஞர், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு அவுட் வரை. கடைசி மூன்று இன்னிங்ஸுக்கு வில் வெஸ்ட், பியூ பிரீஸ்கி, பிரெனன் ஹேனிஃபீ, ஜேசன் ஃபோலி என்று ஆளுக்கு மூன்று, நான்கு அவுட்.

இதில் இரண்டு லாபம். ஒரே பிட்சரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்கள் கணிசமாக நன்றாக அடிப்பார்கள், இது ஆண்டுக்கணக்கான புள்ளிவிவரத்தில் உறுதியான விஷயம். இந்த ஏற்பாட்டில் எதிரணியின் முதல் மூவர் யாரையும் மூன்று தடவை பார்ப்பதே இல்லை. நீளமாக வீசுகிறவர் தன் வேலையை நான்காம், ஐந்தாம் பேட்டரிடமிருந்து தொடங்குகிறார், மேல்வரிசை இரண்டாம் முறை அவரிடம் வந்துபோனதும் இறங்கிவிடுகிறார். இரண்டாவது லாபம் எதிரணி மேலாளரைச் சிக்கவைப்பது. இடக்கை ஓப்பனரைப் பார்த்து அவர் வலக்கை பேட்டர்களாக அடுக்கினால், இரண்டாவது இன்னிங்ஸிலேயே வலக்கை பிட்சர் வந்துவிடுவார். மாற்று பேட்டரை மூன்றாவது இன்னிங்ஸிலேயே செலவழிப்பதா, பொருந்தாத ஆளோடு ஒன்பது இன்னிங்ஸும் ஓட்டுவதா என்ற முடிவை அவர்தான் எடுக்கவேண்டும். 2020-இலிருந்து, களமிறங்கும் பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த அரை இன்னிங்ஸை முடிக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனால் ஒரு பேட்டருக்கு ஒரு பிட்சர் என்ற பழைய விளையாட்டு நடக்காது. எதிரணி வரிசையில் இடக்கையர்கள் எங்கே கூட்டமாக இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த மூவர் வரும் நேரத்துக்குச் சரியான ஆளைச் சூடேற்றி வைக்கவேண்டும். ஹின்ச்சின் கெட்டித்தனம் இதில்தான்.

இது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐந்து நாளில் 45 இன்னிங்ஸ். ஸ்கூபல் ஆறோ ஏழோ வீசுவார், மொன்டெரோ ஐந்தரை. மிச்சம் சுமார் 33. ஆகஸ்ட் வரை 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் 13-ஐத் தாண்டக்கூடாது, செப்டம்பர் 1 முதல் 28 பேர், பிட்சர்கள் 14 வரை. இருவரைக் கழித்தால் 11 அல்லது 12 பேர், ஐந்து நாளில் ஆளுக்கு மூன்று இன்னிங்ஸ். முடியும், ஆனால் எல்லோராலும் ஒன்றுக்கு மேற்பட்ட இன்னிங்ஸ் வீச முடியவேண்டும். ஓர் இன்னிங்ஸ் நிபுணர்களாகவே வைத்திருக்கும் புல்பென்னுக்கு இது ஒரு வாரம்கூடத் தாங்காது. டைகர்ஸின் கீழ்நிலை அணி டொலீடோவில், காரில் ஒரு மணி நேரத் தூரம்தான். நேற்று 45 பந்து வீசியவரை அனுப்பிவிட்டு இன்று புதுக்கையை வரவழைக்கலாம். ஆனால் அனுப்பிய பிட்சரை, காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக என்றால் தவிர, 15 நாள் கழித்துத்தான் திரும்ப எடுக்கமுடியும். ஆகவே அந்தக் குழாயையும் கண்டபடி திறக்கமுடியாது.

ஸ்கூபலின் மதிப்பு இந்தக் கணக்கில்தான் முழுதாகத் தெரிகிறது. அவர் வீசும் நாள் வெற்றிக்கு மட்டும் உதவவில்லை, பத்துப் பேருக்கு ஓய்வு நாளாகவும் இருந்தது. அவர் ஒரு தடவை இரண்டாவது இன்னிங்ஸில் வெளியே வந்திருந்தால், அடுத்த மூன்று நாள் திட்டமும் சரிந்திருக்கும். இத்தனை மெல்லிய கயிற்றில் ஏழு வாரம் நடந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

பேட்டிங்கில் பலவீனம் வெளிப்படையாகவே இருந்தது. ரைலி கிரீன் 24 ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி. கெர்ரி கார்பென்டர் முதுகெலும்புக் காயத்தால் நீண்ட காலம் ஆடாமலும் 18. இருவரும் இடக்கையர்கள், அதிலும் கார்பென்டரை இடக்கை பிட்சருக்கு எதிரே இறக்குவதே அபூர்வம். இவர்களைத் தாண்டினால் ரன் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஹாவியர் பாயஸ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டதால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் டிரே ஸ்வீனி நின்றார். ஃபிளாஹெர்ட்டிக்குப் பதிலாக டாட்ஜர்ஸிடமிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர்.

இந்தக் குறையையும் ஹின்ச் ஆள்மாற்றித்தான் சமாளித்தார். எதிரணி இடக்கை ரிலீவரைக் கொண்டுவந்த மறுநிமிடம் வலக்கை பேட்டர் வருவார். மூன்று பேட்டர் விதியால் அந்த ரிலீவர் உடனே வெளியே போகமுடியாது. குறை என்னவென்றால், வெளியே எடுத்தவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரமுடியாது, ஆட்கள் தீர்ந்துவிடுவார்கள். 13 பேட்டர்களில் ஒன்பது பேர் களத்தில், ஒருவர் மாற்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தை வாங்குபவர்), களத்தில் இருக்கும் கேட்சர் காயப்பட்டால் வேறு ஆளில்லை என்பதால் அவரைத் தொடக் கை கூசும். உண்மையில் கையில் மூன்று பேர்தான். ஏழாவது இன்னிங்ஸில் மூவரையும் செலவழித்துவிட்டு, ஒன்பதில் தவறான கையோடு நிற்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

களத்தடுப்பில் பார்க்கர் மெடோஸ் சென்டர் ஃபீல்டுக்குத் திரும்பியது, என் கணிப்பில், அந்த ஆகஸ்டின் மிகப் பெரிய மாற்றம். கோமெரிக்கா பார்க் மைதானத்தில் நடுவேலி 412 அடி தூரத்தில் இருக்கிறது. 2023-க்கு முன் 420. அத்தனை பரப்பில் ஓடிப் பிடிக்கும் ஒருவர் இருந்தால், ஸ்ட்ரைக்அவுட் குறைவாக எடுக்கும் பிட்சர்கள்கூடத் தைரியமாக வீசலாம். மே மாதம் பேட்டிங் சரியில்லாமல் டொலீடோவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். செப்டம்பர் 5-ஆம் தேதி சான் டியேகோவில், ஒன்பதாவது இன்னிங்ஸ், 0-3 பின்னடைவு, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் சக வீரர்கள் நிற்க, எதிரணி ரிலீவர் ராபர்ட் சுவாரெஸின் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். அவரோடு சேர்த்து நான்கு பேர் ஓடிவந்து நான்கு ரன். 4-3. அந்த ஓர் ஆட்டம் தோற்றிருந்தால் டைகர்ஸ் 85-77, அதாவது மரினர்ஸோடு சமம், பிறகு நேருக்கு நேர் கணக்கைத் தேடவேண்டிய நிலை.

இத்தனைக்கும் மேலே, எதிரே ஒருவர் விழவும் வேண்டியிருந்தது. மினசோட்டா ட்வின்ஸ் ஆகஸ்ட் நடுவில் 70-53. கடைசி 39 ஆட்டங்களில் 12 மட்டும் வென்று 82-80 என்று வெளியே போனார்கள். அவர்களுக்கும் ஸ்டார்ட்டர் பிரச்சினைதான். ஜோ ரையன் ஆகஸ்ட் தொடக்கத்தில் தோள் காயத்தோடு சீசனை முடித்துக்கொண்டார். சிமியோன் வுட்ஸ் ரிச்சர்ட்சன், டேவிட் ஃபெஸ்டா, ஜெபி மேத்யூஸ் என்று மூன்று புதியவர்களை வழக்கமான ஸ்டார்ட்டர்களாகவே நிறுத்தினார்கள். புதியவர்கள் நான்காம், ஐந்தாம் இன்னிங்ஸில் வெளியேற, புல்பென் ஒவ்வொரு நாளும் திட்டமில்லாமல் இழுக்கப்பட்டது. ரிலீவர்கள் அதிகம் வீசுவது இரண்டு அணிகளுக்கும் பொதுதான். யார் எப்போது வருவார் என்று காலையிலேயே தெரிந்து வீசுவதும், தீயணைக்க ஓடிவந்து வீசுவதும் கைக்கு ஒன்றாக இருக்காது.

அட்டவணையும் டைகர்ஸுக்குக் கைகொடுத்தது. கடைசி மூன்று ஆட்டங்கள் சொந்த மைதானத்தில், சிகாகோ வைட் சாக்ஸோடு. செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, 4-1 என்று வென்று இடத்தை உறுதிசெய்தார்கள். அதே இரவில் வைட் சாக்ஸுக்கு 121-ஆவது தோல்வி, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி தோற்ற 120-ஐத் தாண்டிய நவீன கால சாதனை. அடுத்த இரண்டு நாளும் டைகர்ஸ் தோற்றது. ஒன்றை வென்றிருந்தால் 87 வெற்றியோடு ஐந்தாம் இடமும், ஹூஸ்டனுக்குப் பதில் பால்டிமோரும் கிடைத்திருக்கும். ஆனால் வெள்ளியிலேயே முடித்ததில் ஒரு பெரிய லாபம் இருந்தது. 24-ஆம் தேதி வீசிய ஸ்கூபலை ஞாயிற்றுக்கிழமை இறக்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. அக்டோபர் 1 செவ்வாய்க்கிழமை முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு அவர் முழு ஓய்வோடு தயார். ஐந்தாம் இடத்தைவிட அது மேலான பேரம்.

ஹூஸ்டனில் அன்று ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீச, 3-1. மறுநாள் எட்டாவது இன்னிங்ஸ், 2-2, பேஸ் நிறைந்திருக்கிறது, ஜாஷ் ஹேடர் என்ற உலகத்தரமான இடக்கை ரிலீவர் எதிரே. ஹின்ச் வழக்கம்போல் இடக்கையரான ஸாக் மெக்கின்ஸ்ட்ரியை எடுத்துவிட்டு வலக்கையர் ஆண்டி இபான்யெஸை அனுப்பினார். இடப்பக்க ஓரமாக டபுள் (அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை ஓடும் அடி), மூன்று ரன், 5-2. தொடர்ந்து ஏழு ஆண்டு லீக் இறுதிச் சுற்றுக்குப் போன ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வெளியே.

அடுத்த சுற்றில், ஐந்தில் மூன்று என்ற கிளீவ்லாந்து கார்டியன்ஸ் தொடரில் அதே முறையின் பலவீனம் முகத்தில் அறைந்தது. முதல் ஆட்டத்தில் ஓப்பனர் ஹோல்ட்டன் தடுமாற, முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன். முடிவில் 0-7. வழக்கமான ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் அடிவாங்கினால்கூட அவரை ஐந்து இன்னிங்ஸ் ஓட்டி மற்றவர்களைக் காப்பாற்றலாம். ஓப்பனர் சறுக்கினால் அடுத்தடுத்த படிகள் எல்லாம் முன்னால் தள்ளப்படும். இரண்டாவது ஆட்டத்தில் ஸ்கூபலும், ஆண்டு முழுக்க 0.61 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த எம்மானுவேல் கிளாஸேயை அடித்த கார்பென்டரின் மூன்று ரன் ஹோம் ரனும் சேர்ந்து 3-0. மூன்றாவதும் 3-0, அது முழுக்க புல்பென்னின் ஆட்டம். நான்காவதில் 4-5 தோல்வி. ஐந்தாவதில் ஸ்கூபலிடமிருந்தே கார்டியன்ஸின் லேன் தாமஸ் கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது ஹோம் ரன், எடுத்தார், 3-7, கதை முடிந்தது.

ஒரே பிரிவில் இருக்கும் அணியோடு சீசனில் 13 ஆட்டம், அதற்கு மேல் எட்டே நாளில் ஐந்து ஆட்டம். முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் ஐந்தாம் நாளிலும் அதே ரிலீவர் வந்தால், பேட்டருக்கு அது மூன்றாம் முறைதான். ஒரே ஆட்டத்துக்குள் தவிர்த்த சங்கடம் தொடரில் வந்து சேர்ந்துவிடுகிறது. 44 ஆட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட அணிகளைப் பார்க்கும்போது இது தெரியாது. நீண்ட சீசனுக்குப் பொருந்திய ஆயுதம் ஐந்து ஆட்டத் தொடரில் மழுங்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த ஆண்டு காட்சி அப்படியே புரண்டது. 2025 ஜூலை தொடக்கத்தில் கார்டியன்ஸைவிட டைகர்ஸ் 15.5 ஆட்டங்கள் முன்னால். ஸ்டார்ட்டர்கள் ஓல்சனும் ஜாக்சன் ஜோபும் காயத்தில் போனார்கள். ஃபிளாஹெர்ட்டி திரும்பி வந்திருந்தார். கிரீன் 36 ஹோம் ரன் அடித்தார், கூடவே 201 ஸ்ட்ரைக்அவுட். ஸ்ட்ரைக்அவுட் அதிகமுள்ள வரிசைக்கு ஒரு குணம் உண்டு. ஹோம் ரன் வரும்வரை பணக்காரன், நின்றுபோன வாரத்தில் ஒரு ரன்னை நகர்த்திக் கொண்டுவரக்கூட வழியிருக்காது. கிளீவ்லாந்து செப்டம்பரில் ஆறு ஸ்டார்ட்டர்களைச் சுழற்றியது. ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு நாள் ஓய்வு, புல்பென்னுக்குக் குறைந்த சுமை. கடைசி இரண்டு வாரத்தில் இரு அணிகளும் ஆறு முறை மோதின, ஐந்தை கார்டியன்ஸ் வென்றது. அதோடு சீசன் நேருக்கு நேர் கணக்கும் 8-5 என்று அவர்கள் பக்கம் போய்விட்டது. இனி சமநிலையில் முடித்தாலும் பிரிவு அவர்களுக்குத்தான். முடிவில் சமநிலைகூடத் தேவைப்படவில்லை. கார்டியன்ஸ் 88-74, டைகர்ஸ் 87-75. அந்த ஆறில் இன்னும் ஒன்றே ஒன்றை டெட்ராய்ட் வென்றிருந்தால் இரண்டு வரியும் அப்படியே இடம் மாறியிருக்கும்.